என் பெயர் போட்ட ஐந்நூறு டப்பா

கேக் தொழிலில் சுலபமான வேலை கேக் செய்வதுதான். மாவு சொன்ன பேச்சைக் கேட்கும், சர்க்கரை கேட்கும், கரண்ட் கூடப் பாதி நாள் கேட்கும். கேட்காதவர்கள் மனிதர்கள் மட்டும்தான். வீட்டில் ஓவனை வைத்துக்கொண்டு ஆர்டர் எடுக்கும் என் சக பாவிகளே, உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் சொன்னால் எனக்கு மனசு ஆறும், படித்தால் உங்களுக்கும் ஆறும். பாலக்கோட்டில் நான் பட்டதை இங்கே எழுதுகிறேன். நீங்கள் பட்டதை நீங்கள் எழுதுங்கள்.

டப்பா வந்து இறங்கிய நாள்

ஆர்டர் எடுக்க ஆரம்பித்த புதிதில் வெறும் வெள்ளை அட்டைப் பெட்டியில்தான் கேக் போட்டுக் கொடுத்தேன். அப்புறம் ஆசை வந்துவிட்டது. ‘சுதா வீட்டு கேக்’ என்று சிவப்பு எழுத்தில் என் பெயர், அதற்குக் கீழே போன் நம்பர், பக்கத்தில் ஒரு சின்னப் பூ. தர்மபுரியில் ஒரு அச்சகத்தில் கேட்டால், ஐந்நூறுக்குக் குறைந்து அடிக்க மாட்டார்களாம். எனக்கு மாதம் பத்து கேக் போனாலே பெரிய விஷயம். இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டேன். பெயரை அச்சில் பார்க்கும் ஆசை அப்படிப்பட்டது.

வந்து இறங்கிய கட்டுகளைப் பரணில் ஏற்றினேன். மிச்சத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அதற்கும் மிச்சம் இருந்தது பீரோ மேல் ஏறியது. என் வீட்டுக்காரர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேசமாட்டார். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் பெயர் தெரிவதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, சட்டையைக் கழற்றி மாட்டியபடியே சொன்னார்:

“கவலப்படாத சுதா. கேக்கு போவலைன்னா டப்பாவ வித்துக்கலாம்.”

கிரேட் நிறையத் தக்காளி

டப்பா வந்த வாரமே மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். தக்காளி அப்போது நல்ல விலை. மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டு, சந்தோஷம் தாங்காமல் நேராக என் வீட்டுக்கு வந்திருந்தார். மகளுக்கு முதல் பிறந்தநாள். தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் மாதிரியே ஒரு கேக் வேண்டும், மேலே தக்காளி குவிந்திருக்க வேண்டும், பார்க்கிறவன் வயிறு எரிய வேண்டும் என்றார். நானும் சர்க்கரை மாவில் சிவப்புக் கலர் சேர்த்து, ஒவ்வொன்றாக உருட்டி, பச்சைக் காம்பு வைத்து, இரண்டு நாள் அதே வேலையாக இருந்தேன்.

நான் உருட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு நாளில் விலை விழுந்துவிட்டது. சாதாரண வீழ்ச்சி இல்லை, பறித்த கூலிக்குக் கூடத் தேறாமல் ரோட்டோரம் கொட்டுகிற அளவுக்கு. போன் வந்தது. மேலே இருக்கும் தக்காளியை மட்டும் எடுத்துவிட்டு மாம்பழம் வைக்க முடியுமா என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முடியாது, வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். வந்தார். கேக் பெரிதாக இருந்ததால் என் டப்பாவுக்குள் போகவில்லை, நிஜத் தக்காளி கிரேட்டிலேயே பேப்பர் விரித்து வைத்தோம். அவர் ஒரு சர்க்கரைத் தக்காளியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தூக்கித் தோளில் வைத்துக்கொண்டே சொன்னார்:

“இருக்கட்டும் உடுங்க. இந்தத் தக்காளியையாச்சும் நாலு பேரு ஆசையா திங்கட்டும்.”

சீர்த் தட்டில் கடை டப்பா

பாப்பாரப்பட்டியில் இருக்கும் சரோஜா அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா. அவர் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர் எங்கள் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். புடவைத் தட்டு, வளையல் தட்டு, பழத் தட்டு என்று வரிசையாகப் பெண்கள் தூக்கிக்கொண்டு மேளத்தோடு போவது உங்களுக்குத் தெரியும். இப்போதெல்லாம் அந்த வரிசையில் ஒரு கேக் தட்டும் இருந்தாக வேண்டும். நமக்குத்தான் வீட்டிலேயே ஓவன் இருக்கிறதே, நம் டப்பாவுக்கு இதைவிட நல்ல ஊர்வலம் எங்கே கிடைக்கும் என்று நான் பூரித்துப் போயிருந்தேன்.

அண்ணி போன் செய்தார். கேக்கை நானே செய்யலாம், அதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் டப்பா மட்டும் டவுனில் இருக்கும் பெரிய பேக்கரியின் டப்பாவாக இருக்க வேண்டுமாம். எனக்குச் சுருக்கென்றது. வெட்கத்தை விட்டுக் காரணம் கேட்டேன். அண்ணி ஒளிவு மறைவு இல்லாதவர்:

“எங்க வூட்டு ஆளுங்க என்னா சொல்லுவாங்க? தாய்மாமன் காசு செலவு பண்ண மனசு வராம பொண்டாட்டிய செய்யச் சொல்லிட்டான்னு சொல்ல மாட்டாங்களா?”

டப்பா வேட்டை

காலி டப்பா மட்டும் யார் கொடுப்பார்கள்? நானும் என் வீட்டுக்காரரும் அந்தப் பேக்கரிக்குப் போய் உட்கார்ந்தோம். டீ, பஃப்ஸ், தேங்காய் பன் என்று மரியாதையாக ஆரம்பித்தோம். நடுவில் நைசாக ஒரு காலி டப்பா கிடைக்குமா என்று கேட்டேன். கேக் வாங்கினால்தான் டப்பா என்று சொல்லிவிட்டார்கள். வாங்கினோம். வண்டியில் கொண்டுபோனால் கேக் குலுங்கி க்ரீம் மூடியில் அப்பிவிடும், எண்ணெய்க் கறை பட்ட டப்பா சீர்த் தட்டுக்கு ஆகாது. அதனால் அங்கேயே கேக்கைத் தூக்கித் தட்டில் வைத்தோம், டப்பாவை மடிப்புக் கலையாமல் பையில் வைத்தேன், இரண்டு பேரும் ஆளுக்கொரு ஸ்பூனோடு உட்கார்ந்தோம். ஒரு கிலோ.

கால்வாசியில் நான் கை கழுவிவிட்டேன். தன் அக்கா வீட்டு விசேஷமாயிற்றே என்று அவர் மட்டும் வீராப்பாகத் தின்றார். நெற்றி வேர்த்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள் அவரவர் சாப்பாட்டை விட்டுவிட்டு இவரைப் பார்த்தார்கள். கடைசியில் இவரும் ஸ்பூனைக் கீழே வைத்தார். பில் போட வந்த கடைக்காரர் மிச்சக் கேக்கைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார், மறுபடி மிச்சக் கேக்கைப் பார்த்தார்.

“கடை தொறந்த நாள்லருந்து பாக்கறேன்ங்க. கேக்க உட்டுட்டு டப்பாவ எடுத்துக்கிட்டுப் போறவங்க நீங்கதான் மொதலு.”

சனிக்கிழமை முட்டை

இது நடுவில் நடந்தது. ஓர் அம்மா ஞாயிற்றுக்கிழமை வெட்டக் கேக் கேட்டார். சனிக்கிழமையே செய்து வைத்துவிடுவேன் என்றேன். அவர்கள் வீட்டில் சனிக்கிழமை கவுச்சி இல்லை, முட்டையும் கிடையாது. அப்படியானால் முட்டை போடாத கேக் செய்கிறேன் என்றேன். அது மெத்தென்று இருக்காதே, முட்டை போட்டே செய்யுங்கள் என்றார். சனிக்கிழமையாச்சே என்று நான்தான் இழுத்தேன். பக்தியில் எனக்கு இருந்த குழப்பம் அந்த அம்மாவுக்கு இல்லை.

“முட்டைய ஒடைக்கறது நீங்க, அது சனிக்கெழம. திங்கறது நாங்க, அது ஞாயித்துக்கெழம. சாமிக்குத் தெரியாதுங்களா?”

தேடி வந்தவர்

சீர் நன்றாக நடந்தது. கடை டப்பாவில் என் கேக் மேளதாளத்தோடு போனது, நான் அதற்குப் பின்னால் வளையல் தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். சாப்பிட்டவர்கள் எல்லாம் எந்தக் கடை, எந்தக் கடை என்று டப்பாவைப் புரட்டிப் பார்த்தார்கள். அண்ணியும் வாய் கூசாமல் அந்தப் பேக்கரியின் பெயரைச் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். உள்ளுக்குள் எனக்கு எரிந்தது, அதை மறைப்பானேன்.

அடுத்த வாரம் பேக்கரிக்காரர் ஸ்கூட்டரில் என் வாசலுக்கே வந்துவிட்டார். பாப்பாரப்பட்டிக்காரர்கள் நாலைந்து பேர் வந்து, சீரில் வைத்த அதே கேக் வேண்டும் என்று உயிரை எடுத்தார்களாம். அவர் கடையில் இருப்பதைக் கொடுத்தால் இது இல்லை என்று சண்டையாம். அப்போதுதான் அவருக்குக் கேக்கை விட்டுவிட்டு டப்பாவோடு போன தம்பதி நினைவுக்கு வந்திருக்கிறார்கள். பக்கத்துக் கடைகளில் விசாரித்து வந்திருந்தார். திட்டப் போகிறார் என்று நடுங்கிக்கொண்டே, ஓவனிலிருந்து அப்போதுதான் எடுத்த கேக்கில் ஒரு துண்டு வைத்துக் கொடுத்தேன். சாப்பிட்டார். இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார். கட்டிலுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்த என் டப்பாக் கட்டைக் காட்டி, கோபமே இல்லாமல் கேட்டார்:

“இவ்ளோ நல்லா செய்யறீங்க. அப்புறம் ஏங்க அடுத்தவன் பேரப் போட்டுக் குடுக்கறீங்க?”

பஸ்ஸில் பானெட் மேல்

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. இனி என் கேக் என் டப்பாவில்தான், பிடிக்காதவர்கள் கடைக்குப் போகட்டும் என்று முடிவு செய்தேன். இரண்டு ஆர்டர் கை நழுவியது. மூன்றாவது மாரண்டஹள்ளியில். வண்டியை வீட்டுக்காரர் எடுத்துப் போயிருந்ததால் பஸ் ஏறினேன். சந்தை நாள் கூட்டம். நிற்கவே இடமில்லை. டிரைவர் பாவம் பார்த்து, என்ஜின் பானெட் மேல் சாக்கை மடித்துப் போட்டு டப்பாவை அங்கே வைக்கச் சொன்னார்.

சூட்டில் க்ரீம் உருகிவிடுமே என்று நான் புலம்ப, ஒரு அக்கா தன் முந்தானையால் விசிற ஆரம்பித்தார். பள்ளம் வரும்போதெல்லாம் நான் ‘அண்ணா, அண்ணா’ என்றேன். பஸ் ஊர்ந்தது. பின்னாலிருந்து சத்தம் போட்டவர்களுக்கு முன்னால் இருந்தவர்களே கேக் இருக்கிறது என்று பதில் சொன்னார்கள். வழியெல்லாம் பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாததால் பஸ்ஸே ‘சுதா வீட்டு கேக்’ என்பதைப் படித்துக்கொண்டு வந்தது. சுதா யாரென்று கேட்டார்கள். நான்தான் என்றேன், முதல் தடவையாக, ஒரு கூட்டத்துக்கு நடுவில். இறங்குவதற்குள் ஆறேழு பேர் நம்பரைப் போனில் போட்டுக்கொண்டார்கள். டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்த டிரைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“எங்கூட்டுக்காரிய பிரசவத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனப்பகூட நான் இவ்ளோ மெதுவா ஓட்டலீங்க.”

அண்ணி வந்தார்

அதற்குப் பிறகு பரண் மெல்ல மெல்லக் காலியானது. அண்ணியே மகனுக்குப் பெண் பார்க்க ஓசூர்ப் பக்கம் போகும்போது என் டப்பாவில்தான் கேக் கொண்டுபோனார். தம்பி பெண்டாட்டி கைப்படச் செய்தது என்று அங்கே பெருமை வேறு. பெண் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. நிச்சயத்துக்கும் அதே கேக் என்று பேச்சு. ஆனால் அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். ஓவனைத் தொடவே முடியவில்லை.

நிச்சயத்துக்குப் போகிற வழியில் அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், கஞ்சி குடித்தாயா என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் அவர் பார்வை பரணுக்குப் போனது. கேக்கைப் பேக்கரியில் வாங்கியாகிவிட்டது, காரில் இருக்கிறது, உன் டப்பா மட்டும் ஒன்று கொடு என்றார். கடை கேக் என்று தெரிந்தால் பெண் வீட்டார் மட்டமாக நினைப்பார்களாம்.

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இத்தனை பாடுபட்டு எடுத்த பெயரை நான் தொடாத கேக்குக்கு எப்படிக் கொடுப்பது? மாட்டேன் என்று சொல்லவும் வாயில்லை, இதே திருட்டுத்தனத்தை நானும் ஒரு காலத்தில் செய்தவள்தானே. கடைசியில் ஒரு வழி தோன்றியது. டப்பாவை எடுத்து, என் பெயருக்குக் கீழே ஸ்கெட்ச் பேனாவால் ‘டப்பா மட்டும்’ என்று எழுதினேன். எழுதித்தான் கொடுப்பேன் என்று அண்ணியிடமும் காட்டினேன். டப்பாவில் எழுதுவதை எவன் படிக்கிறான், எழுதிக்கொள் என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பெண்ணின் அப்பா ரிட்டையர்டு தலைமையாசிரியர் என்பதை அண்ணி மறந்துவிட்டார். அவர் கல்யாணப் பத்திரிகையிலேயே எழுத்துப் பிழை பார்க்கிற ஆள். தட்டு மாற்றுகிற நேரத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சபை முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தாராம். அண்ணி முகத்தில் ஈயாடவில்லையாம். அப்புறம் விஷயத்தைக் கேட்டு எல்லோரும் சிரித்து, கடைசியில் அண்ணியே சிரித்து, கல்யாணத்துக்கு மூன்று அடுக்கு கேக் என் பெயரில் அங்கேயே முடிவாகிவிட்டது. இதையெல்லாம் நிச்சயத்துக்குப் போயிருந்த என் வீட்டுக்காரர் போனில் சொன்னார். அந்த வாத்தியார் டப்பாவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு அண்ணியிடம் கேட்டது இதுதானாம்:

“சரிங்க சம்மந்தி, டப்பா வந்து சேந்துருச்சு. கேக்கு எப்பங்க வரும்?”

ஆக, தொழிலில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: கேக்கை யார் கேட்டாலும் கொடுத்துவிடலாம், டப்பாவை மட்டும் சொந்தக்காரர்கள் கண்ணில் படாத இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.