நாலு மணி நேரத் தூரம்

பயணச்சீட்டு அலுவலகத்தில் முப்பது வருடமாக அவருக்கு ஒரே நாற்காலி. சொந்தப் பெயர் மறந்து போய் எல்லோருக்கும் 'கிலோமீட்டர்' ஆகிவிட்டார். எந்த இரண்டு விமான நிலையங்களைச் சொன்னாலும் தூரமும் நேரமும் டக்கென்று வந்து விழும். சந்தேகப் பிராணிகளுக்காக மேசை மேல் ஒரு பூகோள உருண்டை. அதில் நூலை இழுத்துப் பிடித்து, "மேப்புல கோடு நேராத்தான் போகும் சார். பிளேன் இப்படி வடதுருவப் பனிப்பக்கமா ஏறி இறங்கும். அதான் குறுக்கு வழி" என்பார்.

ஒன்றை மட்டும் சொல்லமாட்டார். அவர் விமானத்தில் ஏறியதே இல்லை. மொட்டை மாடியிலேயே நட்டநடுவில்தான் நிற்பார்.

கடல் தாண்டி இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம். "யாராவது ஒருத்தர் வாங்கப்பா" என்று போனில் அழுதாள். கிலோமீட்டர் மனைவியைப் பார்த்தார்.

"பஸ்லயே அஞ்சு மணி நேரத்துக்கு மேல என்னால உக்கார முடியாது. இது எவ்வளவு நேரம்?"

பதினோராயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். பதின்மூன்றரை மணி நேரம். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டுச் சீட்டை நீட்டினார்.

"நீயே பாரு. காலைல பத்துக்குக் கிளம்புது. மத்தியானம் ரெண்டுக்கு இறங்குது."

"அட, நாலே மணி நேரமா!"

"நான் ஒண்ணும் சொல்லலை. சீட்டுல இருக்கு."

'அந்தந்த ஊர் கடிகாரம் சார்!' என்று வாடிக்கையாளர்களிடம் கத்திக் கத்தியே தொண்டை கட்டிய மனிதர், அன்றைக்கு மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார். அம்மணி ஒரு வார இதழும் நாலு பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறினார்.

இறங்கியதும் போன்.

"ஏங்க, நாலு மணி நேரம் ஆச்சேன்னு பையைத் தூக்கிட்டு எந்திரிச்சேன். சாப்பாடு குடுக்கற ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு, 'இன்னும் ஒன்பதரை மணி நேரம் இருக்கும்மா'ங்குது. மொத்த பிளேனும் சிரிச்சுது."

"நல்லபடியா போய்ச் சேந்துட்டல்ல?"

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

பேத்தி பிறந்தாள். திரும்பி வரும் நாள் நெருங்கியதும் மறுபடி போன்.

"இங்க மத்தியானம் ரெண்டுக்குக் கிளம்பி, அங்க மறுநாள் ஒரு மணிக்கு இறங்குதாமே. இருபத்துமூணு மணி நேரம்! என்னால முடியாதுங்க."

"ஐயோ, அது அந்தந்த ஊர் கடிகாரம்..."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. சீட்டுல இருக்கறதைத்தான் படிப்பேன். பேத்தியைப் பாக்கணும்னா நீங்க வாங்க. வர்றதுக்கு நாலு மணி நேரம்தானே?"

பின்னால் மகள் சிரிப்பதும் குழந்தை அழுவதும் கேட்டன.

கிலோமீட்டர் உருண்டையில் நூலை வைத்துப் பார்த்தார். எத்தனை முறை வைத்தாலும் அதே நீளம். கடைசியில் பக்கத்து மேசைப் பெண்ணிடம் ரகசியம் போலக் கேட்டார்.

"ஜன்னல் பக்கம் இல்லாம ஒரு சீட்டு போடும்மா."

"யாருக்குண்ணே?"

"ஒரு கஸ்டமருக்கு. கொஞ்சம் பயந்த சுபாவம்."

"எத்தனை மணி நேரம்னு கேட்டா என்ன சொல்ல?"

"நாலுன்னே சொல்லு."