பெண் பார்க்கப் போன இடத்தில் ஆசிலாஸ்கோப்

அறுபதுகளின் நடுவில் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆசிலாஸ்கோப் முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். மின்துடிப்பைத் திரையில் கோடாகக் காட்டும் பெட்டி அது. குற்றாலம் சீசனுக்குத் தென்காசி வந்த சாக்கில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடு செய்துவிட்டார்கள். பெண் வீட்டார் ஆய்க்குடிக்காரர்கள், ஐந்தருவி ரோட்டில் வீடு எடுத்துத் தங்கியிருந்தார்கள். பெண் பிஎஸ்ஸி பிசிக்ஸ். காபி கொண்டுவந்தவளைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இந்த இடம் அமைந்தால் போதும் என்றிருந்தது.

பெண்ணின் அப்பா அரிசி மண்டிக்காரர். "தம்பி என்ன வேல பாக்குதீய?" என்றார். சர்க்கார் உத்தியோகம் என்று சொல்லி வாயை மூடியிருக்கலாம். 'சாம்பிளிங்' என்று சொல்லித் தொலைத்தேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சாம்பிளா! நம்ம தொழில்லா அது! மூட்டையில குத்தூசியப் போட்டு ஒரு பிடி அரிசி எடுத்தாப் போதும். ஒரு பானச் சோத்துக்கு ஒரு சோறு பதம்."

தலையாட்டியிருக்கலாம். எனக்குத்தான் நாக்கில் சனியாச்சே!

"இல்ல மாமா, இது வேற. சாதாரணப் பெட்டிக்குச் சிக்காத வேகத்துல துடிப்பு போயிரும். அது ஒரு தடவ வரும்போது ஒரே ஒரு புள்ளியத்தான் பிடிப்போம். அடுத்த தடவ இம்புட்டு தள்ளி இன்னொரு புள்ளி. இப்படிச் சேத்துச் சேத்துத்தான் முழு உருவமும் தெரியும்."

கதவோரம் நின்றவள் சட்டென்று கேட்டாள்: "அப்ப, ஒரே ஒரு தடவ வந்துட்டுப் போறத அது காட்டாதா?"

அடடா! புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு மாசக்கணக்கில் சொல்லியும் மண்டையில் ஏறாத விஷயம் அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு சொன்னேன்: "காட்டாது. ஒரு தடவ வந்தா ஒண்ணும் தெரியாது. திரும்பத் திரும்ப வரணும்."

அவள் அப்பா டம்ளரை டொக்கென்று கீழே வைத்தார். "எத்தன தடவ?"

"ஒரு ஆயிரம் தடவயாவது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா தொடையில் கிள்ளினாள். அப்புறம்தான் உறைத்தது. நான் துடிப்பைச் சொன்னேன். பெண் பார்க்க வருவதைச் சொல்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். தொண்டை வறள விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் இன்னும் இறுகியது. என் வாயில் மண்ணைப் போட!

இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்தார். "மாப்ளயப் பத்தி அவுஹளுக்கு ஒரு தடவ பாத்ததுலயே தெரிஞ்சுபோச்சாம்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பொண்ணு என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"அவகிட்ட யாரு கேட்டா?" என்றார்.