பரிமளாவின் டார்கெட்டில் பத்து ஓட்டை

துப்பாக்கி சுடக் கற்கும் கேடட்டுகளே, முதலில் அடிபடுவது டார்கெட் இல்லை, சரளைக் கல்லில் ஊன்றிய நம் முழங்கைதான் என்பது உங்களுக்குத் தெரியும். திருச்சியில் எங்கள் காலேஜ் என்.சி.சி.யிலிருந்து ஒரே ஒரு பெண்ணைத்தான் வெளியூரில் நடக்கும் போட்டிக்கான அணிக்கு எடுப்பார்கள். அந்த இடம் எனக்குத்தான் என்று ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். இனி பின்வாங்க முடியாது.

இடது கண் படுத்திய பாடு

குறி பார்க்க இடது கண்ணை மட்டும் மூட வேண்டும். எனக்கோ மூடினால் இரண்டும் சேர்ந்துதான் மூடும். காலேஜ் போகும் பஸ்ஸில், காவிரிப் பாலம் தாண்டும் வரை விடாமல் பழகினேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பக்கத்து சீட் அம்மா கேட்டார்:

"என்னம்மா, கண்ணுல தூசி விழுந்துருச்சா? ஊதி விடட்டுமா?"

மூச்சு

கடைசியில் தொப்பிக்குள் கர்ச்சீப்பைச் செருகி, இடது கண்மேல் தொங்கவிட்டுச் சமாளித்தேன். அடுத்தது மூச்சு. பாதி மூச்சை விட்டு, மீதியை நிறுத்தி, அந்த நொடியில் ட்ரிகரை அழுத்த வேண்டும். குறி இன்னும் சரியாக அமையட்டும் என்று நான் நிறுத்திக்கொண்டே இருந்தேன். முகம் சிவந்து துப்பாக்கி முனை ஆடத் தொடங்கியதும், பயிற்சி கொடுக்கும் ஹவில்தார் சார் குனிந்து பார்த்தார்.

"சுடும்மா! டார்கெட்டுக்கு முன்னாடி நீ போயிடப் போற."

யாருடைய குண்டு?

தேர்வு நாள். பக்கத்தில் படுத்துச் சுட்டவள் வையம்பட்டிப் பரிமளா. ஆளுக்கு ஐந்து குண்டு. சுட்டு முடித்துப் போய்ப் பார்த்தால் என் டார்கெட் புத்தம் புதுசாக இருக்கிறது. அவளுடையதில் பத்து ஓட்டை. ஐந்து நாலா பக்கமும் சிதறியிருக்க, ஐந்து நடுவில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. படபடப்பில் அவள் டார்கெட்டைச் சுட்டிருக்கிறேன்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. நடுவில் இருப்பது யாருடையது என்று சார் கேட்டார். தன்னுடையது என்று பரிமளா சொல்லியிருந்தால் இடம் அவளுக்குத்தான். அவளோ சிரித்துவிட்டாள்.

"சத்தியமா என்னுது இல்ல சார். என் குண்டுங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்காது."

மறுபடியும்

அடுத்தவர் டார்கெட்டில் சுட்டதற்கு மார்க் கிடையாது. ஆனாலும் சார் மனமிரங்கி இன்னொரு முறை சுடச் சொன்னார். என் டார்கெட் நம்பரை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் படுத்தேன். சுட்டு முடித்ததும் சார் ஒரு ரூபாய்க் காசை எடுத்து என் டார்கெட்டில் வைத்தார். ஐந்து ஓட்டையும் அதன் அடியில் மறைந்துபோயின. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பரிமளா போட்ட விசில் மைதானம் முழுக்கக் கேட்டது. சார் காசைப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"வீட்டுல பெட்டி கட்டச் சொல்லும்மா."

ஆகவே, சக கேடட்டுகளே, குறி தப்பாமல் சுடுவது கொஞ்ச நாளில் வந்துவிடும், யாருடைய டார்கெட்டைச் சுடுகிறோம் என்று பார்ப்பதற்குத்தான் தனிப் பயிற்சி வேண்டும்.