யோசி சாருக்கு ஒரு வாத்து

கோழிக்கடைக்கு வருகிறவர்கள் தராசைப் பார்ப்பார்கள், தோலை உரிக்கச் சொல்வார்கள், ஈரலை மறக்காதே என்பார்கள். காலில் எத்தனை விரல் என்று எண்ணிப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். என்னைப் போலக் கடை போட்டு அவதிப்படுகிறவர்கள் கேளுங்கள்.

இதில் யோசிக்க என்ன?

மஸ்கட் ஓட்டல் வேலையை விட்டுவிட்டு கீழ்வேளூரில் கடை போட்ட புதிது. தோப்புகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் போடும் கம்பெனியின் சூப்பர்வைசர் செல்வம் வந்து, "யோசி சார் வாத்து கேக்குறாருங்க" என்றார். "கேட்டா குடுத்துட வேண்டியதுதான், இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றேன். பின்னால் நின்ற வெள்ளைக்காரர் கையை நீட்டி, ஆங்கிலத்தில் "நான்தான் யோசி" என்றார்.

இஸ்ரேல் இன்ஜினியர், யூதர். ஒற்றை ஆளுக்குக் கறி எதற்கு என்று மூன்று மாதமாக முட்டையும் வாழைப்பழமுமாக ஓட்டியிருக்கிறார். வரும் வெள்ளிக்கிழமை அவர் மனைவி முதல் முறையாக இங்கே வருகிறார். அந்தம்மாவுக்குப் பிடித்தது வாத்து. ஆனால் எந்தப் பறவை ஆகும், எது ஆகாது என்று அவர்களுக்குச் சட்டம் உண்டு. முறைப்படி கற்றவர்தான் அறுக்கவும் வேண்டும். இவர் அப்பாவிடம் கற்றவர், கத்தியோடே வந்திருந்தார். செல்வம் என் காதில் சொன்னார்: "பேருக்கேத்த மாதிரி, யோசிச்சுத்தாங்க வாயில வைப்பாரு."

மடையான் கேள்வி

ஆகிற பறவைக்கு அடையாளங்களைச் சொன்னார். நகத்தால் பிடித்து இரையைக் கொல்லக் கூடாது. பின்னால் தனி விரல் வேண்டும். கழுத்தடியில் தீனிப்பை வேண்டும். இரைப்பையின் உள்தோல் கையால் உரிய வேண்டும். கடைசியைக் கேட்டதும் என் மனைவி ஸ்டெல்லா ஒரு கோழியின் இரைப்பையைப் பிளந்து, மஞ்சள் தோலை ஒரே இழுப்பில் உரித்துக் காட்டினாள். யோசி சார் கைதட்டினார்.

"அப்ப மடையான்?" என்றார் செல்வம். கொக்கு இனம் அவர்கள் வேதத்திலேயே பேர் சொல்லி விலக்கியதாம். செல்வத்துக்குப் பொறுக்கவில்லை. "மீனைத்தானே திங்குது? நாமளுந்தான் திங்கிறோம்!"

என் மானம் போன புதன்கிழமை

சீர்காழியிலிருந்து இரண்டு மணிலா வாத்து வரவழைத்தேன். முகமெல்லாம் சிவப்புச் சதை, நல்ல கனம். யோசி சார் விரலை எண்ணினார், கழுத்தைத் தடவினார், வேண்டாம் என்றார். அடையாளம் மட்டும் போதாதாம். பெரியவர்கள் சாப்பிட்டு வந்த வழக்கமும் வேண்டுமாம். அவர் வீட்டில் இந்த வாத்துக்கு அது இல்லை. இரண்டே நாள்தான் பாக்கி. ஸ்டெல்லா மட்டும் சிரித்தாள்: "உங்கம்மாவும் இதையேதான சொல்வாங்க, 'நம்ம வீட்ல பழக்கமில்ல'ன்னு."

வரப்பில் ஒரு வழக்கு

வியாழக்கிழமை அவரையும் செல்வத்தையும் அறுவடை முடிந்த வயலுக்கே கூட்டிப் போனேன். வாத்துக்காரர் ஒருவர் பெரிய கூட்டத்தை மேய்த்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் யோசி சார் முகம் மலர்ந்துவிட்டது. அவர் தாத்தா வளர்த்ததும் இதே மாதிரி வாத்துதானாம். நான் ஏசுவுக்கு நன்றி சொன்னேன். அந்த நேரம் பார்த்து ஒரு வாத்து நத்தையை விழுங்க, செல்வம் பிடித்துக்கொண்டார்: நத்தை தின்றால் ஆகும், மீன் தின்றால் ஆகாதா? யோசி சார் நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அதை எங்க தாத்தாவைத்தான் கேக்கணும்."

தீர்ப்பு

அந்தக் கூட்டத்தில் வாங்கிய வாத்தை வெள்ளிக்கிழமை காலையில் அவரே அறுத்து, ஊறவைத்து, உப்புப் பூசி ரத்தத்தை வடித்து, பொழுது சாய்ந்து அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்குவதற்குள் சமைத்தும் முடித்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கடை திறந்தால் யோசி சாரும் அவர் மனைவியும் நிற்கிறார்கள். வாத்து எப்படி என்று கேட்டேன். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்: "எங்க அம்மா வீட்டு வாத்தேதான். இவர் கைக்குத்தான் உப்பு ஜாஸ்தி."

இன்றைக்கும் ஒரு கோழியைத் தூக்கினால் என் கை தானாகப் பின்விரலைத் தேடுகிறது. யோசிக்காமல் வியாபாரம் செய்த காலம் அந்த வாரத்தோடு போயே போச்சு.