ஐந்தில் மூன்று

குத்துச்சண்டைக் கூடத்தில் அவளுக்கு இஸ்திரி என்று பெயர். பகலில் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்புகளைத் தேய்ப்பவள். மாலையில் எதிரே நிற்பவளைத் தேய்ப்பவள். இடது கையால் மூக்கை உடைப்பாள். எதிராளியின் கண்ணில் நீர் நிறையும் நொடியில் வலது கையை விலாவில் இறக்குவாள். விலா விட்டுப்போவது கையுறைக்குள்ளேயே தெரியும் என்பாள், துணி காய்ந்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில்.

அவள் புருஷன் பஸ் பணிமனையில் டயர் மாற்றுகிறவன். போட்டி நாளில் அவளுடைய வாளியும் துண்டும் அவன் பொறுப்பு.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் டாக்டரம்மா வந்து எல்லோரையும் சோதிப்பார். ஐந்து சொற்களைப் படித்துக்காட்டிச் சற்றுநேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார். கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்கச் சொல்வார். எல்லாம் தாளில் ஏறும். பிறகு யாருக்காவது தலையில் பலத்த அடி விழுந்தால் புதுச் சோதனையைப் பழைய தாளோடு ஒப்பிடுவார். குறைந்திருந்தால் ஒரு மாதம் மேடை கிடையாது. அதனால் எல்லோரும் தொடக்கத்திலேயே இரண்டு சொல்லை மறந்துவைப்பார்கள். அவர் போனதும், யார் நன்றாகத் தள்ளாடியது என்று கூடமே சிரிக்கும். இஸ்திரியின் தாளில் ஐந்துக்கு மூன்று.

செவ்வாய்க்கிழமை, எடை குறைக்க வேண்டி, காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் சலவை ஆவியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டுப் பயிற்சிக்கு வந்தாள். கால் நகரவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒருத்தியின் குத்து பொட்டில் விழுந்தது. எழுந்தபோது மேடையின் நான்கு கயிறும் எட்டாகத் தெரிந்தன. பயிற்சி தரும் மாஸ்டர் பார்த்துவிட்டு டாக்டரம்மாவிடம் சொன்னார். சனிக்கிழமை இறுதிப்போட்டி, ஜெயித்தால் மாநில அணியில் இடம். முப்பத்தொரு வயதுக்காரியை அடுத்த வருஷம் யாரும் கூப்பிடப்போவதில்லை.

சனிக்கிழமை காலை டாக்டரம்மா ஐந்து சொல்லைப் படித்துத் திருப்பிக் கேட்டார். விரல், எலுமிச்சை, பூட்டு என்றாள். மற்ற இரண்டும் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை விரிப்பு. அவர் பழைய தாளைப் பார்த்தார். மூன்று. கையெழுத்துப் போட்டார்.

முதல் சுற்றில் எதிராளியின் மூக்கு உடைந்தது. ரத்தம் நடுவரின் வெள்ளைச் சட்டை வரை தெறித்தது. மூலையில் உட்கார்ந்ததும் புருஷன் அவள் முகத்தைத் துடைத்தான்.

"டாக்டரம்மாகிட்ட நல்லா நடிச்சியாடி?"

"நடிக்கலய்யா. நெஜமாவே ரெண்டு வரல."

துண்டு அவள் கன்னத்திலேயே நின்றது. மணி அடித்தது.

இரண்டாவது சுற்றில் அவள் முன்னே இரண்டு பேர் நின்றார்கள். இல்லாதவளைக் குத்தினாள். இருந்தவள் இவள் தாடையில் ஒன்று, காதுக்கு மேல் ஒன்று, மறுபடி அதே இடத்தில் ஒன்று கொடுத்தாள். இஸ்திரி கயிற்றில் சாய்ந்து, சிரித்தபடி, அடுத்த குத்துக்குக் கையைத் தூக்கினாள். தோல்வியை ஒப்புக்கொண்டு புருஷன் எறிந்த துண்டு பறந்து வந்து மேடையில் விழுந்தது. ஆட்டம் முடிந்தது.

அவள் துண்டைப் பார்த்தாள். தன் மூலைக்கு நடந்தாள். கயிற்றுக்கு மேலாக, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து, புருஷன் வாயில் ஒன்று விட்டாள். பல் பெயர்ந்தது. பின்னந்தலை இரும்புத் தூணில் மோத, வாளியோடு விழுந்தான். தண்ணீர் சிவப்பாக ஓடியது.

டாக்டரம்மாவின் அறையில் அவன் வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தான். தலை மோதியதால் அவனுக்கும் சோதனை. அதே ஐந்து சொல். உதட்டில் நாலு தையல் போட்டு முடித்தபின் திருப்பிக் கேட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இஸ்திரியும் மடியில் விரல் விட்டு எண்ணினாள். மூன்றோடு விரல் நின்றுவிட்டது.

பஞ்சைத் துப்பிவிட்டு அவன் சொன்னான். "வெரல், எலுமிச்ச, கம்பளி, பூட்டு, கொட." பிறகு அவள் பக்கம் திரும்பினான். "பல்லு மட்டுந்தான்டி போயிருக்கு."

கம்பளி. குடை. சற்றுமுன் இதே அறையில் படித்துக்காட்டிய சொற்கள். அவளுக்கோ யாரோ எப்போதோ சொன்னதுபோல் இருந்தன.

அவள் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, என் பழைய தாள் பொய். காலைல எழுதுனீங்களே, அதுதான் நெஜம்."

"பழசு பொய்ன்னா?"

"வேணும்னே ரெண்ட மறந்தேன். எங்க கூடத்துல எல்லாரும் அப்படித்தான்."

நலம் விசாரிக்க வாசலில் நின்றிருந்த கூடத்துப் பெண்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக நகர்ந்தார்கள். டாக்டரம்மா எல்லோரையும் மறுபடி சோதிக்கப் பெட்டியிலிருந்த எல்லாத் தாள்களையும் எடுத்து மேசைமேல் வைத்தார். அவள் தாளை முதலில் உருவி, புருஷன் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார்.