அத்தான் கை படாத பானெட்

எங்கள் அத்தானுக்குத் தெரு வைத்த பெயர் பிரேக்கு. அக்காவின் வீட்டுக்காரர், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஸ்கூல் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு பழைய வெள்ளைக் கார், அதன் தலையில் ஒரு பலகை, இவர். அவ்வளவுதான்.

அந்த மாதிரிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் மிதிப்பதற்கு. அத்தான் அவர்கள் தடுமாறுவதற்கு முன்பே மிதித்துவிடுவார். எதிரே சைக்கிள் வந்தால் மிதிப்பார். சைக்கிள் வரக்கூடும் என்று தோன்றினாலும் மிதிப்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் இதுவரை எதிலும் இடித்ததில்லை. இடிக்கிற வேகத்துக்கு வண்டி போனால்தானே. மிதித்து மிதித்து வலது முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். காலையிலும் மாலையிலும் தைலம் தேய்த்துக்கொள்வார். வீட்டில் அவர் எங்கே இருக்கிறார் என்பதை மூக்கே சொல்லிவிடும்.

அக்காவும் அவரிடம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். பழகுநர் உரிமம் மூன்று தடவை வாங்கினாள். முதல் இரண்டும் வண்டி தெருமுனையைத் தாண்டுவதற்குள் காலாவதியாகிவிட்டன. மூன்றாவது இன்னும் அவள் கைப்பையில் உயிரோடு இருந்தது.

போன வருடம் காரின் தகுதிச் சோதனையிலேயே போக்குவரத்து ஆய்வாளர் பானெட்டில் துரு ஏறியிருந்த இடத்தைத் தட்டிக் காட்டி, "அடுத்த வருஷமும் இப்படியே கொண்டு வந்தீங்கன்னா சான்றிதழ் கிடையாது" என்று சொல்லிவிட்டார். சான்றிதழ் இல்லையென்றால் ஸ்கூல் இல்லை. நான் மாடியில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். அதை நம்பி மூன்று வயிறு ஓடாது. இது தெரிந்தும் அத்தான் நாளை நாளை என்று தள்ளி, கடைசியில் போய்க் கேட்டால் பட்டறைக்காரர் மாதக் கடைசிவரை கை ஒழியாது என்கிறார். சோதனையோ திங்கட்கிழமை.

"நானே அடிச்சிடறேன்" என்றார் அத்தான். அக்கா என்னைப் பார்த்தாள். நான் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை ஷெட்டில் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். துரு போய், பழைய பெயின்ட் போய், பானெட்டில் வெறும் தகரம் பளபளவென்று தெரிந்தது. அங்கேதான் பயமும் தொடங்கியது. பெயின்ட் கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்: "வெறும் தகரத்தை அப்படியே விட்டுடாதீங்க. ஈரக்காத்து பட்டா ஒரே ராத்திரியில திரும்பவும் துரு கட்டும். பெயின்டுக்கு அடியில போடற பிரைமரை அன்னைக்கே அடிச்சாகணும். இன்னொண்ணு, எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இருக்கக் கூடாது. இருந்தா பிரைமர் ஒட்டாது." வெளியே வானம் வேறு மூட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

முதலில் பெயின்ட் படக் கூடாத இடங்களை மறைத்தார். கண்ணாடி, விளக்கு, டயர், நம்பர் பலகை எல்லாவற்றுக்கும் செய்தித்தாள் வைத்து டேப் ஒட்டினார். அது நியாயம். அப்புறம் ஷெட்டின் குழல் விளக்கு, கதவுத் தாழ்ப்பாள், மூலையில் கிடந்த துடைப்பம் எல்லாவற்றுக்கும் ஒட்டினார். அசையாமல் நின்றிருந்தால் எனக்கும் ஒட்டியிருப்பார்.

பிறகு தின்னரில் நனைத்த துணியால் பானெட்டைத் துடைத்து, பிரைமர் ஸ்பிரே டப்பாவைக் குலுக்கி, முதல் பூச்சு அடித்தார். சாம்பல் நிறம் அழகாகத்தான் படிந்தது. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கங்கே விலகி, அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன. குழிக்குள் வெறும் தகரம் தெரிந்தது.

அத்தான் நேரே சமையலறைக்கு, அக்காவிடம் போனார். "என்ன வறுத்தே?"

"ஒண்ணும் வறுக்கலை. அடுப்பே இப்பதான் பத்த வைக்கிறேன்."

"நேத்து வறுத்தியே, அந்தப் புகை இன்னும் இருக்கும்."

அடுப்பு அணைந்தது. மதியம் எங்களுக்கு ரொட்டியும் வாழைப்பழமும்தான். அத்தான் பிரைமர் காயும்வரை ஷெட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தார். பிறகு அத்தனையையும் தேய்த்து எடுத்து, இன்னும் அழுத்தித் துடைத்து, மறுபடி அடித்தார். மறுபடியும் குழி.

இந்தத் தடவை மாடி ஏறி வந்தார். "மெஷினுக்கு எண்ணெய் போட்டியா?"

"போன வாரம் போட்டேன் அத்தான்."

"அது காத்துல இறங்கி வந்திருக்கும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்ககிட்ட படிக்கிறவங்க தலையிலகூட எண்ணெய் இருக்கும். வீடு வீடாப் போய் விசாரிச்சிட்டு வாங்க" என்றேன். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். அந்த முதுகைப் பார்த்ததும் ஏன் சொன்னோம் என்றாகிவிட்டது. பின்னாலேயே இறங்கிப் போனேன்.

ஒரே ஒரு டப்பா பிரைமர்தான் மிச்சம். பெயின்ட் கடை மதியத்தோடு மூடியாயிற்று. இனித் திங்கட்கிழமைதான் திறக்கும். காற்றில் மழை வாசனை வந்துவிட்டது. அத்தான் உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இதுவும் போச்சுன்னா எல்லாம் போச்சு" என்றார். நாளைக்குத் தைக்க வேண்டியதை விட்டுவிட்டு, இனி எத்தனை தைத்தால் வீடு நடக்கும் என்று என் மனம் தன் பாட்டுக்கு ஓடியது.

அவர் தேய்க்கப் போனபோது அக்கா, "இருங்க. தேய்க்காதீங்க" என்றாள்.

மேகத்தின் இடுக்கில் சாயங்கால வெயில் ஷெட்டுக்குள் சாய்வாக விழுந்திருந்தது. அக்கா குனிந்து, பானெட்டை விளிம்பிலிருந்து பார்த்தாள். அரிசியில் கல் தேடுகிற அதே பார்வை.

"இங்க வாங்க. கையை இதுக்கு மேல நீட்டுங்க. தொடாதீங்க, சும்மா மேல."

அத்தான் நீட்டினார். குழிகள் அவர் உள்ளங்கைக்குக் கீழே உள்ளங்கையாக, விரலுக்குக் கீழே விரலாக இருந்தன. பக்கத்தில் இன்னொரு கை. அதற்கு அப்பால் இன்னொன்று. பானெட் முழுக்க யாரோ தட்டிக்கொடுத்துத் தூங்க வைத்தது போல.

"தின்னர் போட்டுத் துடைச்சதுக்கப்புறம் என்ன பண்ணீங்க?"

"சுத்தமாயிடுச்சான்னு தடவிப் பாத்தேன்."

"கையுறை?"

"அதைப் போட்டா தூசி இருக்கறது தெரியாதே. கழட்டிட்டுத்தான்..."

அக்கா அவர் வலது முழங்காலைப் பார்த்தாள். அத்தான் மெதுவாகத் தன் கையை மூக்கருகே கொண்டுபோனார். தைல வாசனை. கள்ளனை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறோம். சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"ஏதாவது தப்பாயிடுமோன்னு பயந்துதான் தொட்டுப் பாத்தேன்" என்றார்.

"தெரியும்" என்றாள் அக்கா. "அந்த டப்பாவைக் கொடுங்க."

"நீ அடிச்சதே இல்லையே."

"நீங்க மட்டும்?"

பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் அத்தானை உட்கார வைத்தாள். இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொள்ளச் சொன்னாள். தானே தேய்த்தாள், கையுறையோடு துடைத்தாள். அப்புறம் டப்பாவை எடுத்தாள்.

"தள்ளிப் பிடி" என்றார் அத்தான். "ஒரே இடத்துல நிக்காதே. மெல்லிசா..."

"பேசுங்க. பேசறதுக்குத் தடையில்லை. தொடத்தான் கூடாது."

அவள் கை நகர்ந்தபோதெல்லாம் அவருடைய வலது கால் தரையை மிதித்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பூச்சு. குழி விழவில்லை. காத்திருந்து இன்னொரு பூச்சு. விழவில்லை. அத்தான் பாதி எழுந்து கையை நீட்டினார். அக்கா திரும்பிப் பார்த்தாள். கை தானாக அக்குளுக்குள் போனது. கூரையில் மழை சடசடவென்று இறங்கியது. பானெட் சாம்பல் போர்வைக்குள் பத்திரமாக இருந்தது. மறுநாள் வெள்ளையையும் அக்காவே அடித்தாள்.

திங்கட்கிழமை மூன்று பேருமாகச் சோதனைத் திடலுக்குப் போனோம். ஆய்வாளர் பானெட்டில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டார்.

"பரவாயில்லையே. யார் அடிச்சது?"

"என் வீட்டுக்காரி."

"சரி. இனி ரெண்டாவது பிரேக்கைப் பாக்கணும். ஓட்டறதுக்கு யாரைக் கூட்டி வந்திருக்கீங்க?"

வருவதாகச் சொன்ன மாணவன் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. அத்தான் முகம் வெளுத்துவிட்டது. அக்கா கைப்பையிலிருந்து உரிமத்தை எடுத்து ஆய்வாளரிடம் நீட்டினாள். பிறகு அத்தானிடம் தணிந்த குரலில், "சொல்றவரைக்கும் கால் வைக்கக் கூடாது" என்றாள்.

நானும் ஆய்வாளரும் பின்னால் உட்கார்ந்தோம். வண்டி ஒருமுறை குலுங்கி, அப்புறம் போனது. நிஜமாகவே போனது. அந்தக் கார் இப்படி ஓடும் என்று எனக்குத் தெரியாது. அத்தான் இரண்டு காலையும் சீட்டுக்கடியில் இழுத்துக்கொண்டு, கைகளை அக்குளில் இடுக்கியிருந்தார். பிடரியில் வியர்வை வழிந்தது. அக்கா வளைவில் தானே வேகத்தைக் குறைத்துத் திரும்பினாள். எதிரே திடலின் மதில் தெரிந்தது.

"இப்ப நீங்க பிரேக் போடுங்க" என்றார் ஆய்வாளர்.

அத்தான் போடவில்லை. அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

மதில் கிட்ட வந்தது. "சார், பிரேக் இருக்கா இல்லையா?" என்று ஆய்வாளர் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"போடுங்க" என்றாள் அக்கா.

வண்டி நின்றது. ஆய்வாளர் பெருமூச்சு விட்டுக் கீழே இறங்கினார். "எல்லாம் சரியா இருக்கு. சான்றிதழை ஆபீஸ்ல வாங்கிக்குங்க" என்றார்.

அத்தான் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. கால் இன்னும் பிரேக்கின் மேல்தான் இருந்தது.

"காலை எடுங்க" என்றாள் அக்கா. "நான் வண்டி எடுக்கணும்."