அத்தான் கொடுக்காத ஒரு காசு

என் அக்கா புருஷன் லேத் பட்டறையில் கடைசல் வேலை பார்த்தவர். இரும்புத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது முரண்டு பிடிக்கும்" என்பார், பிடிக்கும். வீட்டில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னால் மட்டும் ஆளைக் காணோம். முதலாளியும் அவரும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

நெஞ்சுவலியில் பிழைத்த முதலாளி, ஒருநாள் பத்திரத்தோடு பட்டறைக்கு வந்தார்.

"எனக்கு அப்புறம் பெரிய லேத் உனக்குத்தான்டா. இத்தனை வருஷம் உழைச்சிருக்கியேன்னு எழுதிட்டேன். ஆனா பழைய உழைப்பு செல்லாதாம், அதுக்குத்தான் சம்பளம் கொடுத்தாச்சேங்கிறாரு வக்கீல். பதிலுக்கு நீ புதுசா ஏதாவது தரணுமாம். ஒரே ஒரு காசு கொடு, போதும். அதையும் சேர்த்து எழுதிடுறேன்."

அத்தானுக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்ககிட்ட காசு நீட்டி வியாபாரம் பேசணுமாண்ணே? உங்க வார்த்தை போதும்."

"பிடிவாதக்காரன். சரி, அப்புறம் பார்க்கலாம்" என்று பத்திரத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு முதலாளி சிரித்துக்கொண்டே போனாராம்.

இதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு காசுல என்ன அத்தான் மானம் போகுது?" என்றேன். "உனக்குப் புரியாது மாப்ளே" என்று வாயை அடைத்துவிட்டார். அக்காவோ லேத் வரப்போகிறது என்ற சந்தோஷத்தில் பின்பக்கக் கொட்டகையைக் காலி செய்தாள். அவள் ஊருக்கெல்லாம் துணி தைத்துத் தைத்துக் கண் மங்கிக்கொண்டு வந்தது. சொந்த லேத் ஓட ஆரம்பித்தால் தையலை விட்டுவிடலாம் என்பது அவள் கணக்கு.

முதலாளி தூக்கத்திலேயே போய்விட்டார். உயிலும் இல்லை. மகன்கள் பட்டறையை அப்படியே விற்க ஏற்பாடு செய்தார்கள். அத்தான் பத்திரத்தை எடுத்துக்கொண்டு என்னோடு அதே வக்கீலிடம் வந்தார்.

"அவர் தரேன்னாரு, நீங்க சரின்னீங்க. ரெண்டு பேருக்கும் புத்தி தெளிவாத்தான் இருந்துச்சு, யாரும் மிரட்டல, காரியத்துலயும் தப்பு இல்ல. ஆனா பதிலுக்கு உங்க கையிலேருந்து ஒண்ணும் போகலியே. சட்டத்துல அதை மறுபயன்னு சொல்லுவாங்க. அது இல்லாட்டி ஒப்பந்தம் இல்லீங்க, வெறும் ஆசைதான். பரிசுன்னு சொல்லலாம்னா, அவர் இருக்கும்போதே ஒப்படைச்சிருக்கணும்."

மூத்த மகன் நல்ல பிள்ளைதான். "அப்பா ஆசை எனக்குத் தெரியும் சித்தப்பா. தம்பி ஒத்துக்க மாட்டேங்கிறான்" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

லேத்தைத் தூக்க ஆட்கள் வந்த அன்று, சங்கிலியை எங்கே மாட்டினால் அடிபடாது என்று காட்டியதும் அத்தான்தான். வேறு எவனாவது என்றால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பான். வண்டி கிளம்பியபிறகு வீட்டுக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்.

அக்கா தையல் மிஷினை நிறுத்தாமலேயே சொன்னாள்: "முதலாளி மனசு நோகக் கூடாதுன்னு பார்த்தீங்க. என் கண்ணை நினைச்சுப் பார்த்தீங்களா?"

எனக்கு அழுகை வந்தது, அவருக்காகவா அவளுக்காகவா என்று தெரியவில்லை.

அவர் வயசுக்கு எந்தப் பட்டறையிலும் வேலை கிடைக்கவில்லை. இப்போது அக்காவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கிறார். அவள் கையை மட்டும் நீட்டுகிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை.